உறை ஊற்றியது யார்?

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. ராசிபுரத்தில் என்னிடம் நெய் வாங்குகிறவர்களுக்கு அது தெரியும். விலை கேட்டால் சொல்வேன். குறைக்கச் சொன்னால் தரையைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் தன் உடம்புக்கு வந்த சங்கடத்தை நாலு பேர் படிக்க எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் கால் மரத்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் யாரையோ சந்தேகப்பட்டபடி நம் ஊர்ப் பக்கத்தில் இன்னொருவர் படுத்திருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.

முதல் மனைவி அம்மை கண்டு இறந்தபின் பல வருஷம் தனியாக இருந்தேன். சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்த என் அக்காவிடம். நாற்பதைத் தாண்டியபின் எனக்குப் பாவாயியைப் பார்த்துக் கட்டி வைத்ததும் அக்காதான். கட்டி வைத்த மூன்றாம் மாதம் பாவாயியை முதலில் சந்தேகப்பட்டதும் அக்காதான்.

அந்தச் சமயம் எனக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது. தின்றது தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு நாள் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள்.

"சாமி, நான் சொல்றனேன்னு நெனைக்காத. அவ உனக்கு மருந்து வெச்சிருக்கறா."

எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் வியாதிக்குக் கொடுப்பது அல்ல. புருஷனைத் தன் சொல்லுக்கு ஆட வைக்கப் பெண்டாட்டி சோற்றிலோ குழம்பிலோ எதையாவது கலந்து போட்டுவிடுவது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்று சொல்வார்கள். அதை எடுக்கவும் ஆட்கள் உண்டு. தம்மம்பட்டிக்குப் போகிற வழியில் அப்படி ஒருவர் இருந்தார். அக்கா என்னை அவரிடம் கூட்டிப் போனாள். அவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு பித்தளைக் குழாயை வைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சி, ஆமணக்கு இலையில் துப்பினார். கறுப்பாக ஓர் உருண்டை. அதில் ஒரு முடி. முடி நீளமாக இருந்தது. பாவாயியின் முடியும் நீளம். பெண்பிள்ளைகள் முடி எல்லாமே நீளம்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அவர் பத்தியம் சொன்னார். நானே பொங்கித் தின்ன வேண்டும். மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி மட்டும். கழுவின தண்ணீர் ஊற்றுத் தண்ணீர் மாதிரித் தெளியும்வரை கழுவ வேண்டும். கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் வடித்துக் கொட்ட வேண்டும். உப்பும் நெய்யும் போட்டுக்கொள்ளலாம். குழம்பு, பருப்பு, கீரை, தயிர், பழைய சோறு எதுவும் ஆகாது, மருந்து ஒளிந்திருப்பது அவற்றில்தான் என்றார். ராத்திரிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி.

ஒரு மண்டலம்தான் சொன்னார். மண்டலம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை. வயிறு சரியாகிவிட்டதால் பத்தியத்தின் மேல் நம்பிக்கை கூடிவிட்டது, பாவாயியின் மேல் சந்தேகமும் கூடிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அவள் அடுப்பில் கம்பங்களியும் கொள்ளுப் பருப்பும். என் அடுப்பில் மல்லிகைப்பூ மாதிரி சோறு. அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"ஏனுங்க, எஞ்சமையல் புடிக்கலீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வருஷம் கால் ஆரம்பித்தது. முதலில் பாதத்தில் எறும்பு ஊர்வது போல. பிறகு மரமரப்பு. வெண்ணெய் வாங்கக் கிராமம் கிராமமாக நடக்கிறவன் நான். ஒரு நாள் வீடு திரும்பியதும், "ஏனுங்க, கால்ல ரத்தம்" என்றாள் பாவாயி. குனிந்து பார்த்தால் கருவேல முள் பாதி உள்ளே இருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கெண்டைக்கால் வலி, மூச்சு வாங்குவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு தடதடப்பது. மாலையில் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.

"உள்ள இன்னும் மிச்சம் இருக்குது சாமி. பத்தியத்த விட்றாத" என்றாள் அக்கா. நான் அரிசியை இன்னும் இரண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவினேன்.

ஒரு காலையில் வெண்ணெய் உருக்கக் குந்தி உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. எதிரே நெய் முறுகுகிறது, எழுந்து இறக்க வேண்டும், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பாவாயி ஓடி வந்து வெறும் முந்தானையால் சட்டியை இறக்கினாள். என்னைத் தூக்கி நிறுத்தினாள். நான் ஏதும் சொல்வதற்கு முன்,

"சேலத்துக்குப் போறமுங்க. உங்கக்கா என்ன சொன்னாலும் சரி" என்றாள்.

அது உலக யுத்தச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகைக் காற்றில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். என்னை மட்டும் இறங்க விடவில்லை பாவாயி. வெளியே நின்று அவளும் தள்ளினாள். இவ்வளவு அவசரமாக என்னைக் கூட்டிப்போய் என்ன செய்யப் போகிறாள் என்று உள்ளே உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெகுநேரம் காத்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் காலையே பார்ப்பதாகத் தோன்றியது. டாக்டர் தெற்கத்திக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். ரப்பர் வைத்த சின்னச் சுத்தியால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல உடம்பு என்றால் அப்போது கால் தானாக உதைக்குமாம். என் கால் சும்மா தொங்கியது. கெண்டைக்காலை அமுக்கினார், நான் கத்திவிட்டேன். கையை ஊன்றாமல் குந்தி எழச் சொன்னார், முடியவில்லை. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார்கள். மூத்திரக்காய், அதாவது சிறுநீரகம், கெட்டு வீக்கம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அப்படி இல்லை என்று தெரிந்தது. பிறகுதான் டாக்டர் கேட்டார்.

"என்ன சாப்பிடுவீர்கள்?"

"எல்லாந்தானுங்க" என்றேன்.

"பொய்யிங்க டாக்டரய்யா" என்றாள் பாவாயி. "ஒரு வருசத்துக்கு மேல வெறும் பச்சரிசிச் சோறு. ஏழு தண்ணி கழுவுவாரு. கஞ்சிய வடிச்சு மாட்டுக்கு ஊத்திருவாரு. மாடு ஜம்முனு இருக்குதுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவள் இத்தனையும் கவனித்திருக்கிறாள். ஏன் அப்படித் தின்கிறேன் என்று டாக்டர் கேட்டார். நான் பாவாயியைப் பார்க்காமல், "பழக்கமுங்க" என்றேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் காரணம் தெரியுமா தெரியாதா என்று அன்று முழுவதும் குடைந்துகொண்டே இருந்தேன்.

"இது பெரிபெரி" என்றார் டாக்டர். "இந்தப் பக்கத்தில் பார்ப்பதே அபூர்வம். இங்கே கம்பும் ராகியும் புழுங்கல் அரிசியும் சாப்பிடுகிறார்கள், அதனால் வராது. நீங்கள் தேடிப்போய் வாங்கி வந்திருக்கிறீர்கள்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. செல் என்கிறார்கள். தின்ற சோறு வயிற்றில் சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்து அந்த அறைகளுக்குப் போகிறது. ஒவ்வோர் அறையும் அந்தச் சர்க்கரையை உடைத்து, மூச்சில் வரும் பிராணவாயுவோடு சேர்த்து எரிக்கிறது. அடுப்புத் தீயைப் போல ஒரேயடியாக அல்ல. படி படியாக, சூடு தெரியாமல். அதில் வெளிவரும் பலத்தில்தான் கால் நடக்கிறது, நெஞ்சு துடிக்கிறது. மிஞ்சுவது தண்ணீரும், நாம் வெளியே விடுகிற கெட்ட காற்றும். மூச்சு என்பது மார்போடு முடிகிற காரியம் என்று நினைத்திருந்தேன். அது அறைக்கு அறை நடக்கிறதாம்.

அந்தப் படிகளில் நடுவே ஒரு படி. அதைத் தாண்ட ஒரு சத்து வேண்டும். ஊசிமுனை அளவு போதும், ஆனால் இல்லாமல் முடியாது. வைட்டமின் பி ஒன்று என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது அரிசியின் மேல்தோலிலும் முளையிலும் இருக்கிறது. மில் அதைத் தவிடாகத் தள்ளிவிடுகிறது. ஒட்டியிருந்த மிச்சத்தை நான் கழுவிக் கொட்டினேன். அதற்கும் தப்பியது கஞ்சியோடு போயிற்று. புழுங்கல் அரிசியாக இருந்தால் நெல்லை அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிட்டிருக்கும். ஜவ்வரிசியில் அது கிடையவே கிடையாது.

"சோறு இருந்தும் பட்டினி" என்றார் டாக்டர். "ஓய்வில்லாமல் வேலை செய்கிறது நரம்பும் இதயமும். அதனால் அவைதான் முதலில் தவிக்கும். நீங்கள் என்ன தொழில்?"

"நெய் வியாபாரமுங்க."

"அப்படியானால் உங்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். பால் தயிராகிறது அல்லவா? பாலில் இருக்கும் சர்க்கரையைச் சில நுண்கிருமிகள் பாதி வழி வரைக்கும்தான் உடைக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டாம். கிடைப்பது கொஞ்சம் பலம், மிஞ்சுவது புளிப்பு. கள்ளில் இருக்கும் ஈஸ்டும் அப்படித்தான். அது புளிப்புக்குப் பதில் சாராயத்தையும் நுரையையும் விடும். உங்களிடம் சர்க்கரையும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. அந்தப் படியைத் தாண்ட முடியாமல் எல்லாம் பாதியில் நிற்கிறது. உங்கள் ரத்தமும் புளித்துக்கொண்டிருக்கிறது."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் நான் நெய்க்காரன். வெண்ணெய் வாங்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது உறைமோர் எப்படிப்பட்டது என்பதைத்தான். உறை நன்றாக இருந்தால் தயிர் நன்றாக இருக்கும், வெண்ணெய் திரளும். உறை ஊற்றாமல் எந்தப் பாலும் ஒழுங்காகத் தயிராவதில்லை. ஊற்றுவதற்கு ஒரு கை வேண்டும். என் ரத்தம் புளிக்கிறது என்றால் அதில் உறை ஊற்றிய கை எது?

டாக்டர் வாயாலேயே உண்மை வந்துவிட்டது, அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். இந்தச் சத்தை ஊசியாகப் போட வழி உண்டு, சண்டையால் மருந்து வரவில்லை, மதராசுக்கு எழுதியிருக்கிறேன் என்றார் டாக்டர். அதுவரைக்கும் பழைய வைத்தியம். புதுத் தவிட்டைச் சலித்து, வறுத்து, காய்ச்சி, அந்தக் கஞ்சியை மூன்று வேளையும் குடிக்க வேண்டும். கூடவே பயறும் கீரையும்.

பக்கத்துக் கட்டிலில் நாமக்கல் பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். கரி அடுப்பைத் திறக்கும்போது தீ பாய்ந்து வலது கை வெந்துபோயிருந்தது. வாய்க்கு ஒரு காயமும் இல்லை.

"தவுடா?" என்றார். "ஏனுங்க நெய்க்காரரே, ஆஸ்பத்திரியில பால் கறக்கறதுக்கு உங்களச் சேத்திருக்கறாங்களா?"

வார்டே சிரித்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். மதுவிலக்கு வராமல் இருந்திருந்தால் கள்ளின் அடி வண்டலையே கொடுத்திருப்பேன், அதிலும் இந்தச் சத்து உண்டு என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, "இந்த வியாதி முன்னாடியே வந்திருக்கக் கூடாதுங்களா!" என்று டிரைவர் வருத்தப்பட்டார்.

பாவாயி செவ்வாய்ப்பேட்டையில் அவள் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு மூன்று வேளையும் தூக்குப் போசியில் கஞ்சி கொண்டுவந்தாள். பழுப்பும் கறுப்புமாக இருக்கும். வெல்லம் போட்டிருப்பாள். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. எதை ஒளிக்க வேண்டுமானாலும் அதைவிட நல்ல இடம் கிடையாது. "அப்பறமாக் குடிக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். அவள் பாத்திரம் கழுவப் போனதும் ஜன்னலுக்கு வெளியே தகர டின்னில் வைத்திருந்த குரோட்டன் செடியில் ஊற்றிவிடுவேன்.

அக்கா வந்து போனாள். ராசிபுரத்திலிருந்து பாதி வழி பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிட்டாள். போகும்போது தலையணைக்கடியில் ஒரு சின்ன மூட்டையைச் செருகினாள். அவளே கழுவிக் காயவைத்த வெள்ளைப் பச்சரிசி. "யாருகிட்டயாவது குடுத்துப் பொங்கச் சொல்லிச் சாப்புடு சாமி. அவ குடுக்கறத மட்டும் தொடாத." அவள் கண் கலங்கியிருந்தது. என் மேல் அவளுக்கு இருந்த பாசத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

வார்டுத் தோட்டிக்குச் சொல்லி அந்த அரிசியைப் பொங்கித் தின்றேன்.

வீக்கம் தொடைக்கு ஏறியது, பிறகு வயிற்றுக்கு. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தேன். ராத்திரிகளைப் பற்றி எழுத மாட்டேன். நெஞ்சு துடிப்பது காதுக்குள் கேட்கும், அவ்வளவுதான். ஒரு பிற்பகல், வராந்தாவில் டாக்டர் பாவாயியிடம் பேசுவது எனக்குக் கேட்டது.

"தவிட்டுக் கஞ்சிக்கு இந்நேரம் நீர் வடிந்திருக்க வேண்டும் அம்மா. நான் நினைத்த வியாதி இல்லையோ என்னவோ. ஊசியும் வரவில்லை. இதயம் இதற்கு மேல் தாங்காது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள்."

அவள் பதில் சொன்னது கேட்கவில்லை. அழுதாள் போலிருக்கிறது. அழுகை நிஜமா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சாகப்போகிறவனுக்குக்கூட அந்தப் புத்தி போகாது.

டிரைவர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். பாவாயி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"செடி நல்லாத் தழைஞ்சிருக்குது" என்றாள்.

"நான் அன்னைக்கே கேக்கலாமுன்னு இருந்தனுங்க, செடிக்கும் பெரிபெரியான்னு" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

டாக்டருக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "நான் தப்பான வியாதிக்கு வைத்தியம் செய்கிறேனோ என்று தூங்காமல் இருந்திருக்கிறேன். ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள்?"

என் வாழ்க்கையில் நான் எதிர்த்துக் கேட்ட கேள்விகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று. மூச்சுக்கு இடையில் துண்டு துண்டாகக் கேட்டேன்.

"ரத்தம் புளிக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. புளிக்கோணும்னா உறை ஊத்தோணுமுங்களே. ஊத்துனது யாருங்க?"

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது.

"நாமக்கல் மலைக்கோட்டையில் ஓடி ஏறியிருக்கிறீர்களா?"

"சின்ன வயசுலீங்க."

"தொடை எரியுமே?"

"எரியுமுங்க."

"அவசரமாக ஓடும்போது சதைக்குக் காற்று போதாது. அப்போது அது தயிர்க் கிருமி போகிற குறுக்கு வழியில் போகிறது. சர்க்கரையைப் பாதி உடைத்து, தயிரில் இருக்கிற அதே புளிப்பை விடுகிறது. ஓட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கினால் அந்தப் புளிப்பு தீர்ந்துபோகும். அந்த மலையில் உங்கள் தொடைக்கு யார் உறை ஊற்றினார்கள்? யாரும் இல்லை. அந்த வேலை உடம்புக்கே தெரியும். பால் புளிக்க வெளியிலிருந்து ஒன்று உள்ளே போக வேண்டும். உங்களுக்குப் போகவேண்டியது ஒன்று போகவில்லை, அதனால் புளிக்கிறது."

எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் புரிவது வேறு, பாவாயி நீட்டுகிற போசியை வாங்கி வாயில் வைப்பது வேறு. டாக்டரையும் அவள் தன் பக்கம் இழுத்துவிட்டாளோ என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

"உங்கக்கா சொன்னது எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள். "கெணத்தடியில பேசுனா கெணத்துக்குள்ளயும் கேக்கும். நான் அன்னைக்குப் படியில எறங்கித் துணி தொவச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வெக்கலைன்னு சொன்னா நம்புவீங்களா? இப்ப நம்பறீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நம்ப வேண்டாமுங்க. நீங்களே காச்சிக்குங்க. தவுட்ட நானு தொடல. டிரைவரண்ணன் போயி வாங்கியாரட்டும். எந்த மில்லுலன்னு எங்கிட்டச் சொல்லக்கூட வேண்டாம்."

டிரைவர் ஒற்றைக் கையோடு போய் ஒரு பை தவிடு வாங்கிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் வீட்டார் சமைக்கக் கல் அடுப்புகள் உண்டு. என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தார்கள். தோட்டி அடுப்பு மூட்டினான். தவிட்டை நானே சலித்தேன், நானே வறுத்தேன். தண்ணீரைக் குழாயிலிருந்து என் கண் முன்னால் பிடிக்கச் சொன்னேன். ஒரு கரண்டியைப் பிடித்துக் கிளறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாவாயி தள்ளி வேப்பமரத்தடியில், இரண்டு கையும் எனக்குத் தெரியும்படி நீட்டிக்கொண்டு நின்றாள்.

"போதுமுங்களா, இன்னும் தள்ளி நிக்கட்டுங்களா?"

"சேலம் ஜங்ஷன்ல போயி நில்லும்மா" என்றார் டிரைவர்.

கஞ்சியைக் குடித்தேன். தொண்டையில் மண்ணைப் போல இறங்கியது. சாயங்காலமும் அதே நாற்காலி, அதே அடுப்பு, அதே வேப்பமரம். மறுநாளும் அப்படியே. வார்டில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். கூச்சத்தில் நான் கரண்டியைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

அதற்கடுத்த நாள் சிறுநீர் போக ஆரம்பித்தது. போனது போனபடியே இருந்தது. டிரைவர் சட்டியை எடுத்துக்கொடுத்து எடுத்துக்கொடுத்து, "நெய்க்காரரே, மேட்டூர் அணையத் தெறந்துட்டாங்களாட்ட இருக்குது" என்றார். வயிறு இறங்கியது. தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. நெஞ்சில் அந்தத் தடதடப்பு அடங்கி, முதல்முறையாகச் சமமாகப் படுத்துத் தூங்கினேன். டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினார், குழி நிற்கவில்லை. அவர் தனக்குள் சிரித்துக்கொண்டே போனார். பிறகு ஊசி மருந்தும் வந்தது, அதையும் போட்டார்கள். நரம்பு தேறத்தான் மாதக்கணக்கில் ஆகும் என்றார். அப்படித்தான் ஆயிற்று. பாதம் இன்னும் முழுக்க என் பாதமாக ஆகவில்லை.

அக்கா மறுபடி வந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள். "ஆஸ்பத்திரி மருந்து அந்த மருந்த முறிச்சிருச்சு பாத்தியா!" என்றாள். அவளிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. அரிசி மூட்டை மட்டும் வேண்டாம் என்றேன். பிறந்ததிலிருந்து அவளிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நானே அடுப்படிக்கு நடக்க ஆரம்பித்திருந்த ஒரு காலை. டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பின்புறத்தில் நாங்கள் இருவர் மட்டும். பாவாயி வழக்கம்போல வேப்பமரத்தடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இப்போது யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. அதைப் பழக்கமாக்கிக்கொண்டுவிட்டாள். தவிட்டை வறுத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுக் கரண்டியை அவள் பக்கம் நீட்டினேன்.

"நீயே காச்சு."

அவள் நம்பாமல் கிட்டே வந்தாள். கரண்டியை வாங்கினாள். தண்ணீரை ஊற்றிக் கிளறினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் கேட்டே விட்டேன்.

"பாவாயி, நெசமாச் சொல்லு. நீ எனக்கு மருந்து ஏதாச்சும் வெச்சயா?"

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"புருசன் பெண்டாட்டி பின்னாலயே சுத்தறதுக்கு வெப்பாங்களே, அந்த மருந்துங்களா?"

"ம்."

"வெச்சிருந்தா, இத்தன நாள்ல ஒரு நாளாச்சும் எம்மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த பேசியிருப்பீங்கல்ல?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். புகையில் கண் சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, எப்போது பட்டதென்று எனக்குத் தெரியாது. எப்போது பட்டது என்று கேட்டேன். பத்து வயதில் கம்பங்காட்டில் கவண் கல் பட்டதாம். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே கஞ்சியை ஆற்றி என் கையில் கொடுத்தாள்.

தவிட்டுக் கஞ்சி ருசியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முழுவதும் குடித்தேன்.